மணிக்கு எத்தனை டன்? வினாடிக்கு எத்தனை கிராம்?

தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு ‘டன்’ என்பது பள்ளிக்குச் செல்லும் முன்பே காதில் விழுந்த சொல். இன்று எத்தனை டன் வெட்டினார்கள், லோரியில் எத்தனை டன் ஏறியது, ஆலை மணிக்கு எத்தனை டன் அரைக்கிறது என்ற பேச்சு கோலா சிலாங்கூர், ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் அன்றாடம் கேட்பதுதான். நான் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவள். 2007இல் பெயர் மாறிய பிறகும் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது இன்னும் ‘பத்தாங் பெர்ஜுந்தை’தான்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு, தேசிய இடைநிலைப்பள்ளியைக் கடந்து, இப்போது பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பொறியியல் இறுதியாண்டில் இருக்கிறேன். இங்கே நான் பயிலும் பாடங்களில் பாதி, ஏதோ ஒரு பொருள் ஒரு குழாய் வழியாகவோ இயந்திரம் வழியாகவோ எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்பதைப் பற்றியவை. விரிவுரையில் அது ஒரு சூத்திரமாக வருகிறது. எங்கள் தோட்டத்தில் அது சம்பளமாகவும் ஆற்று நீராகவும் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சிறிய கணக்கைத் தமிழில் எழுத விரும்பினேன். அறிவியல் துறை மாணவர்களுக்கு மட்டுமன்றி, இலக்கியம், சட்டம், வணிகம் பயிலும் நண்பர்களுக்கும் இது விளங்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

பொருண்மை ஓட்ட வீதம் என்றால் என்ன?

ஓர் இடத்தை ஒரு குறிப்பிட்ட நேரத்தில் கடந்து செல்லும் பொருளின் அளவைப் ‘பொருண்மை ஓட்ட வீதம்’ எனலாம். ‘பொருண்மை’ என்பது நம் தமிழ்ப்பள்ளிக் கணிதப் புத்தகத்தில் உள்ள சொல். இடைநிலைப்பள்ளியில் இதையே ‘ஜிசிம்’ என்று படித்தோம். தமிழகப் பாடநூல்கள் ‘நிறை’ என்றும், இலங்கைப் பாடநூல்கள் ‘திணிவு’ என்றும் எழுதுகின்றன. எந்தச் சொல்லால் அழைத்தாலும் கருத்து ஒன்றே: கிலோகிராமில் அளக்கப்படும் பொருளின் அளவு.

வீதத்தில் இரண்டு அளவுகள் சேர்ந்திருக்கின்றன. மேலே பொருண்மை, கீழே நேரம். மணிக்கு 45 டன் என்றால் மேலே டன், கீழே மணி. வினாடிக்கு 12 கிராம் என்றால் மேலே கிராம், கீழே வினாடி. அனைத்துலக அலகு முறையில் இதன் அலகு வினாடிக்குக் கிலோகிராம் ஆகும். ஆனால், நடைமுறையில் ஒவ்வொரு துறையும் தனக்கு ஏற்ற அலகையே கையாளுகிறது. செம்பனை ஆலை ‘மணிக்கு டன்’ என்கிறது. தண்ணீர் நிலையம் ‘நாளுக்கு மில்லியன் லிட்டர்’ என்கிறது. சாயக்கழிவைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் மில்லிகிராமில் பேசுகிறது. இவர்கள் மூவரும் ஒரே ஆற்றங்கரையில் இருக்கும்போது, ஒருவர் எண்ணை மற்றவர் புரிந்துகொள்ள அலகு மாற்றம் தேவைப்படுகிறது.

ஆயிரம் ஏற்றும், 3600 இறக்கும்

அலகு மாற்றத்தில் தடுமாறுவோர் பலர் பெருக்குவதா வகுப்பதா என்ற இடத்தில்தான் நிற்கிறார்கள். மனப்பாடம் செய்வதைவிட, என்ன நடக்கிறது என்று பார்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும்.

மணிக்கு 1 டன் என்பதை எடுத்துக்கொள்வோம். டன்னைக் கிலோகிராமாக மாற்றினால் எண் பெரிதாகும். 1 டன் என்பது 1000 கிலோ. சிறிய அலகால் அளந்தால் எண்ணிக்கை கூடும் என்பது இயல்பே. அடுத்து, மணியை வினாடியாக மாற்றுகிறோம். ஒரு மணி நேரத்தில் 3600 வினாடிகள் உள்ளன. ஒரு மணி நேரம் முழுவதும் ஓடியதை 3600 பங்காகப் பிரித்தால் ஒரு வினாடிக்குரிய பங்கு சிறியதாகத்தான் இருக்கும். ஆக, மேலே உள்ள அலகைச் சிறிதாக்கினால் எண் ஏறும்; கீழே உள்ள அலகைச் சிறிதாக்கினால் எண் இறங்கும். ஆயிரம் ஏற்ற, 3600 இறக்க, மிஞ்சுவது 3.6.

மணிக்கு 1 டன் = 1000 கிலோ ÷ 3600 வினாடி = வினாடிக்கு 0.278 கிலோ.

இந்த 3.6 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்:

மணிக்கு டன் ÷ 3.6 = வினாடிக்குக் கிலோகிராம்.
மணிக்குக் கிலோகிராம் ÷ 3.6 = வினாடிக்குக் கிராம்.
மணிக்குக் கிராம் ÷ 3.6 = வினாடிக்கு மில்லிகிராம்.

டன், கிலோ, கிராம், மில்லிகிராம் எல்லாம் ஆயிரம் ஆயிரமாக இறங்கும் படிகள். எந்தப் படியில் நின்றாலும் ஒரு படி இறங்கி, மணியை வினாடியாக்கினால் அதே 3.6தான் வரும். திரும்பி ஏற வேண்டுமானால் 3.6ஆல் பெருக்க வேண்டும்.

நாள் கணக்குக்கும் இப்படி ஓர் எண் உண்டு. ஒரு நாளில் 86,400 வினாடிகள். ஆகவே, நாளுக்கு டன் ÷ 86.4 = வினாடிக்குக் கிலோகிராம். 3.6, 86.4 ஆகிய இவ்விரண்டு எண்களைக் கொண்டே இக்கட்டுரையில் வரும் பெரும்பாலான கணக்குகளைப் போட்டுவிடலாம்.

ஆலைக்குள் ஒரு சுற்று

மலேசியாவில் செம்பனை முதன்முதலில் வாணிக நோக்கில் பயிரிடப்பட்டது 1917இல், எங்கள் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில். பயிரிட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பின்னாளில் இந்த நாட்டைக் களமாகக் கொண்டு அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. தென்னையின் பெயரைத் தாங்கிய, அதுவும் தமிழ்ப் பெயரைத் தாங்கிய ஒரு தோட்டத்தில் செம்பனையின் வரலாறு தொடங்கியது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

இன்று ஓர் நடுத்தர ஆலை மணிக்கு 45 டன் பழக்குலைகளை ஏற்கும் என்று வைத்துக்கொள்வோம். 45ஐ 3.6ஆல் வகுத்தால் வினாடிக்கு 12.5 கிலோ. ஒரு குலை 20 கிலோ என்றால், ஒன்றரை வினாடிக்குச் சற்று மேலான நேரத்தில் ஒரு குலை உள்ளே போய்க்கொண்டே இருக்கிறது. ‘மணிக்கு 45 டன்’ என்று கேட்டபோது தோன்றாத ஓர் உருவம், வினாடிக் கணக்கில் கண்முன் வருகிறது அல்லவா?

உள்ளே போனது வெளியே எப்படி வருகிறது? குலையின் எடையில் ஏறத்தாழ 20 விழுக்காடு எண்ணெயாகிறது. மணிக்கு 9 டன், அதாவது வினாடிக்கு 2.5 கிலோ. பருப்பு ஏறத்தாழ 5 விழுக்காடு. மணிக்கு 2.25 டன், அதாவது வினாடிக்கு 625 கிராம். பழம் உதிர்க்கப்பட்ட வெற்றுக்குலை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மீதம் நாராகவும் ஓடாகவும் நீராகவும் போகிறது.

ஆலையை ஓட்ட நீராவி வேண்டும். ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ அரை டன் நீராவி தேவை என்பது பொதுவான கணக்கு. 45 டன் ஆலைக்கு மணிக்கு 22.5 டன் நீராவி, வினாடிக்கு 6.25 கிலோ. என் மாமா ஒருவர் பல ஆண்டுகள் கொதிகலனில் வேலை பார்த்தவர். நாரையும் ஓட்டையும் எரித்தே அந்த நீராவியை உண்டாக்குவார்கள். அவருக்குச் சூத்திரம் தெரியாது. ஆனால், அழுத்தமானியின் முள் சற்று இறங்கினாலே அடுப்புக்குள் எவ்வளவு நார் தள்ள வேண்டும் என்பது அவர் கைக்குத் தெரியும். அவர் கை செய்ததும் பொருண்மை ஓட்டத்தைச் சமன்செய்யும் வேலைதான்.

இப்போது ஒரு சிறிய எண்ணைப் பார்ப்போம். எண்ணெய் எடுப்பு வீதம் 20 விழுக்காட்டிலிருந்து 19.9 விழுக்காடாகக் குறைகிறது. வெறும் 0.1 விழுக்காடு. 45 டன்னில் 0.1 விழுக்காடு என்றால் மணிக்கு 45 கிலோ, வினாடிக்கு 12.5 கிராம். ஒரு மேசைக்கரண்டியில் அடங்கும் எண்ணெய். ஆனால், ஆலை ஆண்டுக்கு 6000 மணி நேரம் ஓடினால் அது 270 டன். டன்னுக்கு 4,000 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் 10 இலட்சத்து 80 ஆயிரம் ரிங்கிட். சிறிய அலகிலிருந்து பெரிய அலகுக்கு ஏறிப் பார்க்காதவருக்குக் கரண்டி எண்ணெய். ஏறிப் பார்த்தவருக்குப் பத்து இலட்சம்.

நேரத்தில் ஒளிந்திருக்கும் பொறி

மேலே உள்ள அலகில் பெரும்பாலும் சிக்கல் வருவதில்லை. கீழே உள்ள நேரத்தில்தான் வருகிறது.

ஓர் ஆலை நாளுக்கு 900 டன் அரைத்தது என்று சொன்னால், மணிக்கு எத்தனை டன்? 24ஆல் வகுத்தால் 37.5. ஆனால், ஆலை அன்று 20 மணி நேரமே ஓடியிருந்தால் மணிக்கு 45. இரண்டு விடைகளும் கணிதப்படி சரியானவை. முதலாவது நாள் முழுவதற்குமான சராசரி. இரண்டாவது ஓடும்போது இருக்கும் வீதம். இயந்திரத்தின் அளவைத் தீர்மானிப்பவர் முதல் விடையை எடுத்துக்கொண்டால், இயந்திரம் சிறிதாகிப் பழம் தேங்கிவிடும். வெட்டிய பழம் தேங்கினால் எண்ணெயில் அமிலம் ஏறும், தரம் கெடும்.

இதே பொறி மனிதர்களைக் கணக்கிடும்போதும் உண்டு. ஒருவர் காலையிலிருந்து ஆறு மணி நேரத்தில் 1.5 டன் குலை வெட்டுகிறார் என்று கொள்வோம். மணிக்கு 250 கிலோ; வினாடிக்கு ஏறத்தாழ 69 கிராம். மணிக்கு 45 டன் கேட்கும் ஆலைக்கு எத்தனை பேர் வேண்டும்? 45,000ஐ 250ஆல் வகுத்து 180 பேர் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால், ஆலை 20 மணி நேரம் ஓடுகிறது. மனிதர் ஆறு மணி நேரம்தான் வெட்டுகிறார். நாள் கணக்கில் பார்த்தால் 900 டன்னை 1.5ஆல் வகுக்க வேண்டும். 600 பேர். 180க்கும் 600க்கும் இடையே உள்ள 420 பேரும் ‘மணி’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோனவர்கள். ஆள் பற்றாக்குறை என்று செய்திகளில் படிக்கும்போது இந்தக் கணக்கை நினைத்துப் பார்க்கலாம்.

உதிரிப்பழக் கணக்கு

என் அம்மா உதிரிப்பழம் பொறுக்குபவர். குலை நன்கு பழுத்துவிட்டால் சில பழங்கள் தாமாகவே கழன்று மரத்தடியில் விழும். முற்றிப் பழுத்தவை என்பதால் எண்ணெய்ச் செறிவு மிகுந்தவை அவையே. அவற்றைக் கூட்டி, குப்பையும் மண்ணும் நீக்கி, சாக்கில் நிரப்ப வேண்டும். கூலி சாக்குக் கணக்கில்.

அம்மா ஒரு நல்ல நாளில் ஐந்து மணி நேரத்தில் ஆறு சாக்கு நிரப்புவார். சாக்குக்கு ஏறத்தாழ 30 கிலோ. ஆக, 180 கிலோ. மணிக்கு 36 கிலோ. 3.6ஆல் வகுத்தால் வினாடிக்குச் சரியாக 10 கிராம். ஒரு செம்பனைப் பழத்தின் எடை ஏறத்தாழ 10 கிராம்தான். அப்படியானால், ஐந்து மணி நேரமும் வினாடிக்கு ஒரு பழம் வீதம் அம்மாவின் கை வழியாகச் சாக்குக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

சாக்குக் கணக்கில் ‘ஆறு’ என்பது ஒரு சிறிய எண். கூலிச் சீட்டிலும் அது ஒரு சிறிய எண்தான். வினாடிக் கணக்கில் அது 18,000 பழங்கள். விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது இதை அம்மாவிடம் சொன்னேன். “ஒரு வினாடிக்கு ஒன்னா? நான் குனிஞ்சு நிமிர்றதையும், சாக்க இழுத்துக்கிட்டு அடுத்த மரத்துக்குப் போறதையும் கணக்குல போட்டியாம்மா?” என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நடப்பதற்கும் சாக்கைத் தூக்குவதற்கும் குடிக்கத் தண்ணீர் எடுப்பதற்கும் பாதி நேரம் போய்விட்டால், பொறுக்கும் நேரத்தில் வீதம் வினாடிக்கு இரண்டு பழமாகிவிடும். முன் பகுதியில் சொன்ன அதே பொறியை, பொறியியல் படிக்காத என் அம்மா ஒரே கேள்வியில் சுட்டிக்காட்டிவிட்டார்.

மில்லிகிராமும் ஆறும்

பெரிய அலகிலிருந்து சிறிய அலகுக்கு இறங்குவது வெறும் பாடநூல் பயிற்சியன்று என்பதை எங்கள் சிலாங்கூர் ஆறு சொல்லித் தருகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதிக்குக் குடிநீர் தருவது இந்த ஆறு. கம்போங் குவாந்தானில் மின்மினிகள் வாழ்வதும் இதன் கரையிலுள்ள பெரெம்பாங் மரங்களில்தான்.

நாளுக்கு 864 மில்லியன் லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சிலாங்கூர் ஆற்றின் பெரிய நிலையங்கள் ஏறத்தாழ இந்த அளவை ஒட்டியவை. கணக்கு எளிதாக வரவே இந்த எண்ணைத் தேர்ந்தேன். ஒரு லிட்டர் நீரின் பொருண்மை ஏறத்தாழ ஒரு கிலோ. ஆக, நாளுக்கு 864,000 டன். 86.4ஆல் வகுத்தால் வினாடிக்கு 10,000 கிலோ, அதாவது 10 டன். ஒவ்வொரு வினாடியும் ஒரு லோரிச் சுமை தண்ணீர்.

இந்த நீரில் ஏதோ ஒரு பொருள் லிட்டருக்கு 1 மில்லிகிராம் கலந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10,000 லிட்டர் ஓடுவதால், அப்பொருளின் ஓட்டம் வினாடிக்கு 10,000 மில்லிகிராம். அதாவது 10 கிராம். வினாடிக்கு 10 டன் நீரில், வினாடிக்கு ஒரு செம்பனைப் பழத்தின் எடை. நாளுக்கு 864 கிலோ.

சில வேதிப்பொருள்கள் லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே மூக்குக்கு எட்டிவிடும். மைக்ரோகிராம் என்பது மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் என்றால் வினாடிக்கு 10 மில்லிகிராம். நாள் முழுவதற்கும் 864 கிராம். ஒரு கிலோவுக்கும் குறைவான பொருள், 864,000 டன் நீருக்கு வாடை தர முடியும். 2020 செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ராவாங் பகுதியில் ஆற்றில் கலந்த கழிவின் வாடையால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் தடைபட்டது. இவ்வளவு பெரிய ஆற்றில் இவ்வளவு சிறிய கழிவு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு மேலே உள்ள கணக்கே பதில்.

செம்பனை ஆலைகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரு டன் குலைக்கு ஏறத்தாழ 0.6 டன் கழிவுநீர் வெளிவரும் என்று கொண்டால், 45 டன் ஆலையில் மணிக்கு 27 டன். இக்கழிவிலுள்ள உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது நீரிலுள்ள உயிர்வாயுவை உறிஞ்சிக்கொள்கின்றன. எவ்வளவு உயிர்வாயு வேண்டும் என்பதே மாசின் அளவுகோல். சுத்திகரிக்கப்படாத ஆலைக் கழிவில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். மணிக்கு 27,000 லிட்டர் என்றால் மணிக்கு 675 கிலோ, வினாடிக்கு 187.5 கிராம் உயிர்வாயுவை ஆற்றிலிருந்து பறிக்கும் ஓட்டம்.

1977இல் மலேசியா இதற்கென விதிமுறைகளைக் கொண்டுவந்தது. லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்று தொடங்கிய வரம்பு, படிப்படியாக இறக்கப்பட்டு 1984இல் 100 மில்லிகிராமுக்கு வந்தது. அந்த வரம்பில் கணக்கிட்டால் அதே ஆலையின் ஓட்டம் மணிக்கு 2.7 கிலோ, வினாடிக்கு 0.75 கிராம். 187.5க்கும் 0.75க்கும் இடையே 250 மடங்கு. தோட்டங்களில் ஆலைக்குப் பின்னால் வரிசையாகக் கிடக்கும் அந்தக் கறுப்புக் குளங்கள் சும்மா கிடக்கவில்லை. இந்த 250 மடங்கைக் குறைக்கும் வேலையை அவைதாம் செய்கின்றன.

எந்த டன்? எந்தப் பவுண்டு?

அலகின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ‘டன்’ என்ற பெயரில் மூன்று அளவுகள் உள்ளன. நாம் பயன்படுத்தும் மெட்ரிக் டன் 1000 கிலோ. பழைய பிரிட்டிஷ் டன் 2240 பவுண்டு, ஏறத்தாழ 1016 கிலோ. அமெரிக்க டன் 2000 பவுண்டு, ஏறத்தாழ 907 கிலோ. பழைய தோட்டக் கணக்கேடுகளைப் படிக்கும் வரலாற்றுத் துறை நண்பர்கள் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பவுண்டு இன்னும் ஆபத்தானது. ஒரு பவுண்டு 0.4536 கிலோ. கொதிகலனின் பாதுகாப்பு வால்வு மணிக்கு 22,500 கிலோ நீராவியை வெளியேற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இறக்குமதியான ஒரு வால்வின் தகட்டில் 22,500 என்று எழுதியிருக்கிறது. அருகிலுள்ள அலகு பவுண்டு. அலகைப் பாராமல் எண்ணை மட்டும் பார்த்துப் பொருத்தினால், அந்த வால்வு வெளியேற்றுவது மணிக்கு 10,206 கிலோ மட்டுமே. தேவையில் பாதிகூட இல்லை. கொதிகலனுக்குப் பக்கத்தில் நிற்பவர் யாரோ ஒருவரின் மாமாவாக இருப்பார்.

இது கற்பனையான எடுத்துக்காட்டு. உண்மையில் நடந்த ஒன்றும் உண்டு. 1983 ஜூலை 23ஆம் நாள் ஏர் கனடாவின் 143ஆம் பயணத்தில், விமானத்திற்கு 22,300 கிலோ எரிபொருள் தேவைப்பட்டது. லிட்டரைக் கிலோவாக மாற்ற ஏறத்தாழ 0.8ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77ஆல் பெருக்கினார்கள். 1.77 என்பது லிட்டருக்குரிய பவுண்டு எடை. விளைவாக, தேவையில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் பறந்தது. நடுவானில் இரண்டு எந்திரங்களும் நின்றன. விமானி அதைக் காற்றிலேயே மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத் தளத்தில் இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் உயிர் பிழைத்தனர். கனடா அப்போது மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்த காலம்.

நம் நாட்டிலும் அப்படியொரு மாற்றக் காலம் இருந்தது. 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தைத் தொடர்ந்து மெட்ரிக் முறை படிப்படியாக வந்தது. ஆனால், சந்தையில் காத்தியும் பிக்குலும் அவ்வளவு விரைவில் விடைபெறவில்லை. தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கத்து நெல் வயல்களில் பிக்குல் என்ற சொல் அந்நியமன்று. ஒரு பிக்குல் நூறு காத்தி, ஏறத்தாழ 60.48 கிலோ. நாளுக்கு ஒரு பிக்குல் என்பதை வினாடிக் கணக்கில் பார்த்தால் ஓர் அழகான விடை கிடைக்கிறது. 60,480 கிராமை 86,400ஆல் வகுத்தால் சரியாக 0.7 கிராம்.

வீசையும் நாழிகையும்

பெரிய அளவும் சிறிய அளவும் நமக்கு மேலைநாட்டார் கற்றுத்தந்தவை அல்ல. தமிழகத்தில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம் என்று படிகள் இருந்தன. காலத்திற்கு, ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு விநாழிகை 24 வினாடி.

சென்னை மாகாண அளவில் ஒரு மணங்கு 25 பவுண்டு என வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே, ஒரு வீசை ஏறத்தாழ 1.42 கிலோ. வினாடிக்கு 1 கிலோ என்பது ஒரு நாழிகைக்கு 1440 கிலோ. ஏறத்தாழ 1,016 வீசை. நம் 45 டன் ஆலையை நம் பாட்டனாருக்கு விளக்க வேண்டுமென்றால், “நாழிகைக்குப் பன்னிரண்டாயிரத்து எழுநூறு வீசை” என்று சொல்லலாம். அவருக்கு உடனே விளங்கியிருக்கும். அவர் ஆச்சரியப்பட்டிருப்பார் என்பது வேறு செய்தி.

ஆனால், ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழைய முறையில் 40, 8, 20 என்று ஒவ்வொரு படிக்கும் ஓர் எண்ணை நினைவில் வைக்க வேண்டும். மெட்ரிக் முறையில் எல்லாப் படிகளும் பத்தின் மடங்குகள். காலம் மட்டுமே இன்னும் பழைய அறுபதில் நிற்கிறது. நம் மாணவர்கள் இக்கணக்கில் தடுமாறுவதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்பது என் கருத்து. பொருண்மை பத்தில் நடக்கிறது. காலம் அறுபதில் நடக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் 3.6 பிறக்கிறது.

பள்ளியில் இதை எப்படிச் சொல்லலாம்?

நம் கழகத்து நண்பர்கள் பலர் வார இறுதிகளில் தோட்டப்புற மாணவர்களுக்கு வகுப்பு நடத்தச் செல்கிறோம். அங்கே இக்கணக்கைச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, எண்ணை எழுதும்போதெல்லாம் அலகையும் எழுதச் சொல்லுங்கள். அலகில்லாத எண் பெயரில்லாத கடிதம் போன்றது. யாரிடம் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, கணக்கைப் போடும் முன் விடை கூடுமா குறையுமா என்று கேளுங்கள். மேலே சிறிதானால் எண் ஏறும். கீழே சிறிதானால் எண் இறங்கும். இதைச் சொல்லத் தெரிந்த மாணவர் பெருக்கலா வகுத்தலா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

மூன்றாவது, விடை வந்த பிறகு அதைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வினாடிக்கு 10 கிராம் என்றால் ஒரு செம்பனைப் பழம். வினாடிக்கு 12.5 கிலோ என்றால் ஒரு சிறிய குலை. ஓர் ஏக்கர், ஓர் எக்டர் என்று பேசும்போதும் இதைச் செய்யலாம். ஓர் எக்டரில் ஆண்டுக்கு 18 டன் குலை விளைந்தால், இரவும் பகலும் மணிக்கு ஏறத்தாழ 2 கிலோ வீதம் அந்த மண் விளைவித்துக்கொண்டிருக்கிறது. 2023இல் மலேசியா உற்பத்தி செய்த 18.55 மில்லியன் டன் செம்பனை எண்ணெயை 31,536,000 வினாடிகளால் வகுத்தால், வினாடிக்கு ஏறத்தாழ 588 கிலோ. நாட்டின் கணக்கும் வீட்டின் கணக்கும் ஒரே வகுத்தல்தான் என்பது மாணவர்களுக்கு அப்போது விளங்கும்.

இறுதியாக, இந்த வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும், படித்து முடித்து ஆலைகளிலும் நீர் நிலையங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரியும் அண்ணன் அக்காள்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மேசைக்கு வரும் அறிக்கையில் ‘0.1 விழுக்காடு’, ‘லிட்டருக்கு 1 மைக்ரோகிராம்’, ‘ஆறு சாக்கு’ போன்ற சிறிய எண்கள் இருக்கும். கையெழுத்திடும் முன் அவற்றை ஒரு முறை வினாடிக்கும், ஒரு முறை ஆண்டுக்கும் மாற்றிப் பாருங்கள். ஒரு தாளும் ஒரு பென்சிலும் போதும். இரண்டு நிமிடம்கூட ஆகாது.